ஈயத்துக்கு மாற்று உண்டா? காமா கதிரைத் தடுக்கும் காம்போசிட்களின் கணக்கு

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சில் வந்த இழுவைகளை நீக்கி, எண்களை மறுபடியும் கணக்குப் போட்டுப் பார்த்துச் சேர்த்திருக்கிறேன்.)

போன மாசம் சேமிப்பு பேட்டரி பற்றிப் பேசினோம். இன்றைக்கு முழுக்க முழுக்க மெட்டீரியல் சயன்ஸ். காமா கதிர்வீச்சைத் தடுக்கும் காம்போசிட் பொருட்கள்.

ஏன் இந்தத் தலைப்பு? "ஈயத்துக்குக் குட்பை", "எடை குறைந்த புதிய கதிர்வீச்சுக் கவசம்" என்கிற மாதிரி செய்திகள் அடிக்கடி கண்ணில் படுது. உள்ளே போய்ப் பார்த்தால் பாலிமரில் பிஸ்மத் ஆக்சைடு கலந்திருப்பாங்க, இல்லைன்னா சிலிக்கான் ரப்பரில் டங்ஸ்டன் தூள். ஆராய்ச்சி உண்மைதான். ஆனால் செய்தியில் ஒரு எண் மட்டும் காணாமல் போயிருக்கும். எந்த ஆற்றலுள்ள காமாவுக்கு இந்தக் கவசம்? அந்த எண் இல்லாமல் "ஈயத்தை விட மேல்" என்கிற வாக்கியத்துக்கு அர்த்தமே கிடையாது. இந்த எபிசோடின் மையம் இவ்வளவுதான். எப்படின்னு ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

பூஜ்யம் ஆகவே ஆகாத கணக்கு

ஆல்ஃபா கதிரை ஒரு தாள் நிறுத்திவிடும். பீட்டாவுக்குச் சில மில்லிமீட்டர் அலுமினியம் போதும். இரண்டுக்கும் மின்சுமை இருப்பதால், போகும் வழியெல்லாம் எலக்ட்ரான்களோடு உரசி ஆற்றலை இழந்து ஒரு இடத்தில் நின்றுவிடும். காமா அப்படி இல்லை. அது ஒரு ஃபோட்டான், மின்சுமை கிடையாது. ஒரு பொருளுக்குள் நுழைந்தால், ஒன்று எதிலும் படாமல் அப்படியே வெளியே போகும், இல்லை எங்கேயாவது மோதும். எல்லாமே நிகழ்தகவு.

அதனால் "இத்தனை சென்டிமீட்டர் போட்டால் காமா முழுசா நின்றுவிடும்" என்று யாராலும் சொல்ல முடியாது. "இத்தனை சென்டிமீட்டருக்குப் பாதியாகும்" என்றுதான் சொல்லலாம். அதற்குப் பெயர் அரைமதிப்புத் தடிமன். ஒரு தடிமனுக்குப் பாதி, இரண்டுக்குக் கால், பத்துக்கு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒன்று. புரோகிராமர்களுக்குப் புரியும்படி சொன்னால், ஒரு எண்ணை இரண்டால் வகுத்துக்கொண்டே போகும் லூப். பூஜ்யத்தை நெருங்கும், தொடாது.

மூன்று வழிகள்

காமா எப்படி மோதும்? முக்கியமாக மூன்று வழி.

முதலாவது ஒளிமின் விளைவு. அணு அந்த ஃபோட்டானை அப்படியே விழுங்கி ஒரு எலக்ட்ரானை வெளியே தள்ளும். தடுப்பு போடுகிறவனுக்கு இதுதான் சொர்க்கம். இது நடக்கும் வாய்ப்பு அணு எண்ணின் நான்காம் அடுக்கையும் தாண்டி ஏறும். ஈயத்தின் அணு எண் 82, ஆக்சிஜனுடையது 8. பத்து மடங்கு வித்தியாசம், நான்காம் அடுக்கு போட்டால் பத்தாயிரம் மடங்கு! ஆனால் ஃபோட்டானின் ஆற்றல் கூடக் கூட இந்த வாய்ப்பு ஏறக்குறைய மூன்றாம் அடுக்கில் சரியும்.

இரண்டாவது காம்ப்டன் சிதறல். கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கர் காயை அடித்துவிட்டு, வேகம் குறைந்து வேறு திசையில் போகும் இல்லையா, அந்த மாதிரி. ஃபோட்டான் ஒரு எலக்ட்ரானைத் தட்டிவிட்டுப் பலவீனமாகி விலகிப் போகும். சாகாது. இங்கே எத்தனை எலக்ட்ரான் வழியில் இருக்கு என்பது மட்டும்தான் கேள்வி. ஒரு கிராம் தண்ணீரிலும் ஒரு கிராம் ஈயத்திலும் உள்ள எலக்ட்ரான் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. சொல்லப்போனால் தண்ணீரில் கொஞ்சம் அதிகம். ஹைட்ரஜன் செய்கிற வேலை அது.

மூன்றாவது இணை உருவாக்கம். ஃபோட்டானின் ஆற்றல் 1022 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டினால்தான் நடக்கும். நாம் இன்று பேசும் ஆற்றல்களில் இதன் பங்கு சின்னது, விட்டுவிடலாம். இனிமேல் வெறும் எண்ணாகச் சொன்னால் அது கிலோ எலக்ட்ரான் வோல்ட் என்று எடுத்துக்கோங்க.

ஆக, குறைந்த ஆற்றலில் ஒளிமின் விளைவு ஆட்சி. அங்கே அணு எண்தான் ராஜா. சில நூறைத் தாண்டினால் காம்ப்டன் ஆட்சி. அங்கே எடைதான் ராஜா.

ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ?

இதை நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். அமெரிக்காவின் என்.ஐ.எஸ்.டி. நிறுவனம் ஒவ்வொரு தனிமமும் எவ்வளவு காமாவைத் தடுக்கும் என்கிற அட்டவணையை இலவசமாகவே வெளியிட்டிருக்கு. அதை எடுத்துப் பைத்தானில் நாலைந்து வரி எழுதினால் போதும். கேள்வி இதுதான்: ஒரு சதுர மீட்டர் பரப்பில் காமாவைப் பாதியாக்க எத்தனை கிலோ பொருள் வேணும்?

முதலில் 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட். எக்ஸ்ரே வட்டாரம். ஈயம் 1.25 கிலோ போதும். தண்ணீர் என்றால் சுமார் 40 கிலோ. முப்பது மடங்குக்கும் மேல் வித்தியாசம். ஈயம் ஏன் இத்தனை வருஷமா ஹீரோவா இருக்குன்னு இங்கேயே தெரிஞ்சிடுது.

அடுத்து சீசியம்-137, ஆற்றல் 662. ஈயம் சுமார் 63 கிலோ. தண்ணீர் 81. கான்கிரீட் 90-க்குப் பக்கம். இரும்பு 94. ஆமா, சரியாத்தான் படிக்கிறீங்க. எடைக்கு எடை பார்த்தால் இங்கே தண்ணீரை விட இரும்பு மோசம்.

கடைசியாக கோபால்ட்-60, சராசரி ஆற்றல் 1250. ஈயம் 118 கிலோ, தண்ணீர் 110 கிலோ. தண்ணீர் ஜெயிச்சிடுச்சு!

ஒரு எச்சரிக்கை. இது மெல்லிய கற்றைக்கான கணக்கு. மோதிய ஃபோட்டான் எல்லாம் ஆட்டத்தை விட்டுப் போய்விட்டதாக எடுத்துக்கொள்கிறது. நிஜத்தில் காம்ப்டனில் சிதறிய ஃபோட்டான்களில் ஒரு பகுதி மறுபக்கம் வந்து சேரும். இந்தச் சேர்மானம் தண்ணீர், கான்கிரீட் மாதிரி லேசான அணுக்கள் உள்ள பொருட்களில் அதிகம். ஈயத்திலோ, சிதறிப் பலவீனமான ஃபோட்டானை ஒளிமின் விளைவு விழுங்கிவிடும். அதனால்தான் சீசியத்துக்குக் கைப்புத்தகங்களில் ஈயம் 6.5 மில்லிமீட்டர், கான்கிரீட் 4.8 சென்டிமீட்டர் என்று என் கணக்கைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டிருப்பாங்க. கட்டடம் கட்டுகிறவர்கள் அந்த எண்ணைத்தான் எடுக்கணும்.

இப்போது காம்போசிட்டுக்கு வருவோம். கலவைக்கான விதி ரொம்ப எளிமை. ஒவ்வொரு பொருளின் எடைப் பங்கையும் அதன் தடுப்புத் திறனையும் பெருக்கிக் கூட்டினால் கலவையின் திறன் வந்துவிடும். மந்திரம் ஒன்றும் இல்லை, வெயிட்டட் ஆவரேஜ். சிலிக்கான் ரப்பரில் எடையில் 70 சதவீதம் பிஸ்மத் ஆக்சைடு கலக்கிறோம்னு வைங்க. 662-இல் பாதியாக்கச் சதுர மீட்டருக்கு 69 கிலோ வருது. தடிமன் 2.4 சென்டிமீட்டர். ஈயத்துக்கு 63 கிலோ, தடிமன் 5.5 மில்லிமீட்டர். எடையில் ஏறக்குறைய சமம், தடிமனில் நாலு மடங்குக்கு மேல்.

அதாவது சராசரி எடுத்தால், கலந்த பொருட்களில் சிறந்ததை விட விடை மேலே போகாது. இந்த ஆற்றலில் ஈயத்தில் பாதி எடையில் அதே தடுப்பு தருகிற பொருள் இருக்குன்னு யாராவது சொன்னால், கணக்கு இடம் கொடுக்காது.

அப்புறம் எதுக்கு காம்போசிட்?

நல்ல கேள்வி. எடைக்காக இல்லை என்றால் வேறு எதற்கு? காரணம் நிறைய இருக்கு.

ஈயம் நச்சு. தூளாகி உடம்புக்குள் போனால் நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும். பிஸ்மத் அதற்கு அடுத்த தனிமம், அணு எண் 83, தடுப்புத் திறன் ஏறக்குறைய அதேதான். ஆனால் அதன் சேர்மங்கள் சில வயிற்றுக்கோளாறு மருந்திலேயே இருக்கு.

ஈயம் மென்மையானதும்கூட. தன் எடையையே தாங்காமல் காலப்போக்கில் தொய்யும். செங்குத்தாக நிறுத்தினால் பின்னாடி ஒரு சட்டம் வேணும். பாலிமர் காம்போசிட்டை அச்சில் வார்க்கலாம், வளைக்கலாம், பைப்பைச் சுற்றிப் போர்த்தலாம். நைலானில் டங்ஸ்டன் தூளை நிறைத்து, ஈயத்தின் அடர்த்திக்குப் பக்கத்திலேயே, அதாவது ஒரு கன சென்டிமீட்டருக்கு 11 கிராம் வரை கொண்டுவர முடியும். பிளாஸ்டிக் மாதிரி வார்த்து எடுக்கலாம், ஆனால் கையில் தூக்கினால் ஈயக் கனம்.

அடுத்தது கான்கிரீட். கான்கிரீட்டே ஒரு காம்போசிட்தான், மறந்துடாதீங்க. சாதா கான்கிரீட்டின் அடர்த்தி 2.3 அல்லது 2.4. சாதாரண ஜல்லிக்குப் பதில் பேரைட், மேக்னடைட் போன்ற கனமான கல்லைப் போட்டால் 3.5 வரை போகும். அதே எடைக்குச் சுவர் மெலியும், அறைக்கு இடம் மிச்சம். புற்றுநோய் கதிர்சிகிச்சை அறைகளிலும் அணு உலைகளிலும் இது பயன்படுது. உலகின் மிகப் பெரிய பேரைட் படிவுகளில் ஒன்று நம்ம பக்கத்து மாநிலத்தில், ஆந்திராவின் மங்கம்பேட்டையில் இருக்கு.

நான்காவது காரணம் நியூட்ரான். அணு உலைப் பக்கம் போனால் காமாவோடு நியூட்ரானும் வரும். அதன் வேகத்தைக் குறைப்பதில் ஈயம் வீக். அதுக்கு ஹைட்ரஜன் வேணும், வேகம் குறைந்ததை விழுங்க போரான் வேணும். ஆனால் ஹைட்ரஜன் ஒரு நியூட்ரானை விழுங்கினால் 2223 ஆற்றலுள்ள ஒரு காமாவைத் துப்பும். போரானும் 478-இல் ஒன்றை விடும். தடுப்பே புது காமாவை உருவாக்குது! அதனால் பாலிஎத்திலீன், போரான், கனமான உலோகத் தூள் மூன்றையும் ஒரே பலகையில் சேர்ப்பதற்கோ, அடுக்கடுக்காக வைப்பதற்கோ உண்மையான அர்த்தம் இருக்கு. ஒரு தனிமத்தால் செய்ய முடியாத வேலை இது. காம்போசிட்டின் சொந்த ஊரே இதுதான்னு சொல்லலாம்.

ஏப்ரனில் இருக்கும் ஓட்டை

குறைந்த ஆற்றலில் மட்டும் எடை விஷயத்திலும் காம்போசிட் ஜெயிக்கும் ஒரு ஜன்னல் இருக்கு. அணுவின் உள் ஓட்டில் உள்ள எலக்ட்ரானைப் பிடுங்கக் குறைந்தபட்ச ஆற்றல் ஒன்று தேவை. ஈயத்துக்கு அது 88. ஃபோட்டானின் ஆற்றல் 88-ஐத் தாண்டினதும் ஈயத்தின் தடுப்பு ஒரே தாவலில் நாலு மடங்காகும். அதற்குக் கொஞ்சம் கீழே ஈயம் சோம்பேறி. வெள்ளீயத்துக்கு அந்த எல்லை 29-லேயே வந்துவிடும், டங்ஸ்டனுக்கு 69.5-இல். எனவே 60-இல் எடைக்கு எடை வெள்ளீயம் ஈயத்தை விட 30 சதவீதம் மேல். 80-இல் டங்ஸ்டன் ஈயத்தைப் போல மூன்று மடங்கு.

மருத்துவ எக்ஸ்ரேயில் பெரும்பகுதி இந்த ஜன்னலுக்குள்தான் விழுது. அதனால் வெள்ளீயம், ஆன்டிமனி, பேரியம், டங்ஸ்டன், பிஸ்மத் என்று கலந்து செய்த ஈயமில்லா ஏப்ரன்கள் நிஜமாகவே லேசாக இருக்கும். நாள் முழுக்க ஆஞ்சியோ அறையில் நிற்கிற டாக்டரின் முதுகுக்கு அது பெரிய உதவி.

பிரச்சினை எங்கே? அந்த ஏப்ரனில் "0.5 மி.மீ. ஈயத்துக்குச் சமம்" என்று லேபிள் இருக்கும். எந்த நிலையில் சமம்? குறிப்பிட்ட எக்ஸ்ரே வோல்ட்டேஜில் சோதித்தபோது. எங்கள் துறை ஆட்களுக்கு உடனே புரியும், அது ஒரு பெஞ்ச்மார்க். ஒரு வேலைச்சுமையில் எடுத்த மதிப்பெண்ணை இன்னொன்றுக்குப் பொருத்த முடியாது.

இந்த இடத்தில் ஒரு நேயர் அனுப்பின கேள்வி. அவர் ஒரு ஸ்கேன் சென்டரில் அணு மருத்துவப் பிரிவில் டெக்னீஷியன். பெட் ஸ்கேனுக்கு ஃப்ளோரின்-18 கலந்த மருந்தை நோயாளிகளுக்கு ஏற்றுவது அவர் வேலை. "புது லேசான ஏப்ரன் வாங்கிக் கொடுத்திருக்காங்க, 0.5 ஈயத்துக்குச் சமம், இனி பயமில்லைன்னு சொல்றாங்க. அப்படியா அண்ணா?"

கணக்குப் போடுவோம். நிஜமான 0.5 மில்லிமீட்டர் ஈயத்தையே எடுத்துக்கோங்க. எலும்பு ஸ்கேனில் வரும் டெக்னீஷியம்-99எம், ஆற்றல் 140. அதில் முக்கால் பங்கை அந்த ஈயம் தடுக்கும். நல்ல விஷயம். ஆனால் அதே ஏப்ரன் வெள்ளீயத்தை நம்பிச் செய்ததாக இருந்தால்? 140-இல் வெள்ளீயத்தின் திறன் எடைக்கு எடை ஈயத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. லேபிள் அப்படியே இருக்கு, பாதுகாப்பு கழன்றுபோச்சு.

ஃப்ளோரின்-18-இல் வருவது 511. அங்கே 0.5 மில்லிமீட்டர் ஈயம் தடுப்பது சுமார் 8 சதவீதம். நூறு ஃபோட்டானில் 92 அப்படியே உள்ளே வரும். பாதியாக்கணும்னா ஏப்ரன் எட்டு மடங்கு தடிமனாகணும். 4 கிலோ ஏப்ரன் 32 கிலோ ஆகும். அதைப் போட்டுக்கிட்டு நிற்கவே முடியாது, வேலை எங்கே பார்ப்பது? எந்த காம்போசிட்டும் இதை மாற்றாது, மேலே பார்த்த அதே சராசரிக் கணக்குதான்.

அப்போ அவருக்கு வழியே இல்லையா? இருக்கு. ஆளைச் சுற்றாதே, மூலத்தைச் சுற்று. சிரிஞ்சைச் சுற்றி 5 மில்லிமீட்டர் டங்ஸ்டன் உறை போட்டால் 511-இல் 70 சதவீதத்துக்கு மேல் தடுக்கும். எடை அரைக் கிலோ அளவுதான், ஏன்னா சுற்ற வேண்டிய பரப்பு சின்னது. நாலு கிலோ ஏப்ரன் 8 சதவீதம், அரைக் கிலோ உறை 70 சதவீதம்! மருந்தை எடுக்கும்போது முன்னால் ஈயத் தடுப்பு மேசை. மருந்து ஏற்றின பிறகு நோயாளியே கதிர் மூலம். அவர் பக்கத்தில் நிற்கும் நேரத்தைக் குறைக்கணும், விளக்கமெல்லாம் ஊசிக்கு முன்னாடியே சொல்லி முடிச்சிடணும். சின்ன மூலம் என்றால் தூரம் இரண்டு மடங்கானால் டோஸ் நாலில் ஒன்றாகும். ஃப்ளோரின்-18-இன் அரைவாழ்வு 110 நிமிஷம், காத்திருப்பதும் ஒரு தடுப்புதான்.

ஏப்ரனைக் கழட்டிடுங்கன்னு நான் சொல்லவில்லை. அதை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் சென்டரின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி. அவரிடம் கேளுங்க. "எந்த ஆற்றலில் சமம்?" என்று கேளுங்க. உங்கள் டி.எல்.டி. பேட்ஜ் அளவை வாங்கிப் பாருங்க. இந்தியாவில் ஊழியர்களுக்கான வரம்பு ஐந்து வருஷச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருஷத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. லேபிளை நம்பி ஒருத்தர் நோயாளி பக்கத்தில் கூடுதலா ரெண்டு நிமிஷம் நின்றால், அந்த 8 சதவீத லாபமும் போய்விடும்.

கலக்குவதே பாதி வேலை

காகிதத்தில் சராசரி சரி. பட்டறையில் வேற கதை. டங்ஸ்டனின் அடர்த்தி 19, பிசினுடையது 1-க்குப் பக்கம். ஊற்றி வைத்தால் பிசின் இறுகுவதற்குள் தூள் அடியில் படியும். மேல்பக்கம் வெறும் பிளாஸ்டிக், கீழே கனம். தூள் கட்டியானால் இடையில் இடைவெளி, கதிர் அந்தச் சந்து வழியாகப் போகும். தூளை அதிகமாக்கினால் பொருள் நொறுங்கும், குறைத்தால் தடுப்பு குறையும். ஏப்ரனைக் கண்டபடி மடித்து வைத்தால் மடிப்பில் விரிசல் விழும். வெளியே துணி நல்லாத்தான் இருக்கும், அதனால் ஃப்ளோரோஸ்கோப்பியில் வைத்துச் சோதிக்கணும். கதிர் பாலிமரின் சங்கிலிகளையே அறுக்கவும் செய்யும். ரொம்ப அதிக டோஸ் உள்ள இடத்தில் பாலிமர் நாளடைவில் கெட்டுப்போகும்.

நானோ தூள் பற்றியும் கேட்டிருக்கீங்க. எக்ஸ்ரே ஆற்றலில் துகள் சின்னதாக இருந்தால் சீராகப் பரவும், தடுப்பு கொஞ்சம் கூடும். 662-இல் ஒரு ஃபோட்டான் ஒரு மோதலுக்கு மில்லிமீட்டர் கணக்கில் பயணிக்குது. அதுக்கு மைக்ரோ, நானோ எல்லாம் ஒண்ணுதான்.

தடுப்பு என்பது பொருள் மட்டும் இல்லை

2010-இல் டில்லியில் ஒரு பல்கலைக்கழகம் வருஷக்கணக்கில் பயன்படுத்தாமல் வைத்திருந்த காமா கருவியை ஏலத்தில் விட்டது. அது மாயாபுரி காயலான் கடைகளுக்குப் போனது. பிரித்தபோது உள்ளே இருந்த கோபால்ட்-60 வெளியே வந்தது. ஒருவர் இறந்தார், பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அந்தக் கருவியின் கவசம் தன் வேலையைப் பல வருஷம் சரியாகவே செய்தது. உள்ளே என்ன இருக்கு என்கிற தகவல்தான் கவசத்தோடு சேர்ந்து பயணிக்கவில்லை.

அதனால் அடுத்த தடவை ஒரு புது கவசப் பொருள் பற்றிப் படித்தால் நாலு கேள்வி கேளுங்க. எந்த ஆற்றலில்? சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ? என்ன தடிமன்? சோதனையில் சிதறலையும் சேர்த்து அளந்தாங்களா? நாலுக்கும் பதில் இருந்தால் அது நல்ல ஆராய்ச்சி. முதல் கேள்விக்கே பதில் இல்லைன்னா, தலைப்பை மட்டும் படிச்சிட்டு நகர்ந்துடலாம்.

அடுத்த எபிசோடில் நியூட்ரான் பக்கம் போவோம், தண்ணீர்த் தொட்டி எப்படிக் கவசமாகுதுன்னு. கேள்விகளை அனுப்புங்க.